கடல் அட்டை இல்லம்மா, இது வேற

அம்மாகிட்ட போன்ல பேசும்போது, லீவு நாள்ல கடலுக்குப் போயி அட்டை மாதிரி ஒரு ஜீவனை போட்டோ எடுத்துட்டு இருக்கேன்னு ஒருநாள் வாய் தவறி சொல்லிட்டேன். சொன்னதுதான் தாமதம், "ஏல, கடல் அட்டையா? அதைத் தொட்டா கேஸ் போட்டு உள்ள தூக்கி வச்சிருவானுவல்லா, பேப்பர்ல போடுதானே, உனக்கு எதுக்குல இந்த வேலை, சம்பளம் பத்தலையா"ன்னு ஒரே பிடி. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து ஆளுக்கு கடல் அட்டைன்னா ஒண்ணே ஒண்ணுதான், மண்டபம் பக்கம் மூட்டை மூட்டையா பறிமுதல் ஆகுதே, 2001ல இருந்து புடிக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்காங்களே, தடிச்ச வெள்ளரிக்கா மாதிரி கெடக்குமே, அது. நான் எடுக்குறது அது இல்ல. இதுக்குத் தமிழ்ல ஊர்ப்பேர் ஏதும் எனக்கு மாட்டல. இங்க நூடிபிராங்க்னு சொல்றாங்க, பேச்சுல சீ ஸ்லக், சுருக்கமா ஸ்லக். நூடின்னா அம்மணம், பிராங்க்னா செவுள். அதாவது செவுளை வெளிய காட்டிக்கிட்டு திரியுற ஜாதி. நத்தை குடும்பம்தான், ஆனா ஓடு கெடையாது. குஞ்சா இருக்கும்போது ஓடு இருக்கும், வளர்ந்ததும் கழட்டிப் போட்டுட்டு அப்படியே கெளம்பிரும்.

இதை அம்மாவுக்கு விளக்கி முடிக்கிறதுக்குள்ள கால் மணி நேரம் ஆயிருச்சு. கடைசியா "ஓடு இல்லாத நத்தையா, சரி, அதை எதுக்கு போட்டோ எடுக்க"ன்னு கேட்டாங்க. அதுக்குத்தான் இந்த போஸ்ட்டு.

நான் இருக்குறது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம், எல்லாரையும் மாதிரி கம்ப்யூட்டர் வேலை. வீட்டுல இருந்து 280 ஹைவே புடிச்சு 92ல மலை ஏறி இறங்குனா ஹாஃப் மூன் பே, அங்க பில்லர் பாயிண்ட்னு ஒரு மூக்கு கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கும், மேல ரேடார்க்காக ஒரு பெரிய வெள்ளைப் பந்து வச்சிருப்பாங்க. அதுக்கு அந்தப்பக்கம்தான் மேவரிக்ஸ், குளிர்காலத்துல வீடு உசரத்துக்கு அலை எழும்புதுன்னு டிவில காட்டுவாங்களே அந்த இடம். கொஞ்சம் வடக்க போனா மாஸ் பீச்ல ஃபிட்ஸ்ஜெரால்ட் மரைன் ரிசர்வ். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி இன்னும் வடக்க போனா பொலினாஸ்ல டக்ஸ்பரி ரீஃப். தண்ணி வத்துற நேரத்துல இந்த மூணு இடத்துலயும் பாறையெல்லாம் வெளிய வந்து, நடுநடுவுல குட்டை குட்டையா தண்ணி தங்கி நிக்கும். அந்தக் குட்டைக்குள்ளதான் நம்ம ஆளு.

"வத்துற நேரம்"னு சுலபமா சொல்லிட்டேன், அதுதான் இதுல பாதி வேலையே. எங்க ஊர்ல கடல் ஏறுறது வத்துறது எல்லாமே ஒரு மீட்டருக்குள்ள முடிஞ்சிரும், சின்ன வயசுல கடல் இவ்வளவு தூரம் உள்ள போகும்னு நான் பாத்ததே இல்ல. இங்க பெரிய டைட் நாள்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல எட்டு அடி வித்தியாசம் வரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வத்தும், ரெண்டும் ஒரே அளவு இல்ல, ஒண்ணு நல்லா வத்தும், இன்னொண்ணு பேருக்கு வத்தும். நல்லா வத்துறதோட சராசரியை எடுத்து அதைத்தான் சைபர்னு வச்சிருக்காங்க, அதுக்கும் கீழ போனா மைனஸ் டைட். மைனஸ் ஒரு அடிக்குக் கீழ போற நாளுதான் நமக்கு வேணும், அது அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ரெண்டு மூணு நாள்தான் வரும். வசந்த காலத்துலயும் கோடையிலயும் விடியக்காலைல வத்தும், குளிர்காலத்துல சாயங்காலம் வத்தும். ஊர்ல இருந்து கொண்டு வந்த தினசரி காலண்டர் ஃபிரிட்ஜ்ல தொங்குதில்ல, அதுல நான் இப்போ அமாவாசையை வட்டம் போட்டு வச்சிருக்கேன். பையன் திருந்திட்டான், விரதம் இருக்கான்னு அம்மா ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தாங்க. நானும் மறுத்துச் சொல்லல.

முதல் தடவை போனப்போ கோயமுத்தூர்க்கார நண்பர் ஒருத்தரையும் இழுத்துட்டுப் போனேன். மே மாசம், விடியக்காலைல மைனஸ் டைட், மூணரைக்கு அலாரம். பனிமூட்டம்னா அப்படி ஒரு மூட்டம், பத்தடி தள்ளி என்ன இருக்குன்னு தெரியல, துறைமுகத்து ஊதுகொம்பு மட்டும் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா பாம்ம்ம்னு அடிக்குது. பாசி மேல கால் வச்சா சோப்பு மேல வச்ச மாதிரி. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு தேடுனோம், நண்டு, சங்குக்குள்ள குடியிருக்குற நண்டு, பச்சைக் கலர்ல பூ மாதிரி விரியுற அனிமோன், எல்லாம் இருக்கு, ஸ்லக் ஒண்ணு கூட இல்ல. நண்பர் நிமிந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, "ஏனுங்க, இதுக்குத்தான் மூணரை மணிக்கு எந்திரிச்சமாங்க"ன்னு ரொம்ப மரியாதையா கேட்டாரு. அந்த மரியாதைதான் வலிச்சுது. அவரு அதுக்கப்புறம் வரல.

அடுத்த நாலஞ்சு தடவையும் கிட்டத்தட்ட இதே கதை. அப்புறம் ஒருநாள் பாறையில ஒரு வயசான அம்மா, எழுபதுக்கு மேல இருக்கும், முட்டிக்கு பேட் கட்டிக்கிட்டு ஒரே இடத்துல அசையாம உக்காந்து ஒரு பாறையோட அடிப்பக்கத்தையே பாத்துட்டு இருந்தாங்க. என்ன தேடுறீங்கன்னு கேட்டேன். நான் ஸ்லக்கைத் தேடல, அதோட சாப்பாட்டைத் தேடுறேன்னு சொன்னாங்க. எனக்கு இதுல கத்துக்க இருந்ததுல முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குள்ளயே இருந்துச்சு, அதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் சில்லறை.

என்னன்னா, இந்த ஸ்லக்குங்க நாக்கு நீளமான ஜாதி இல்ல. நிறைய வகை ஒண்ணு ரெண்டு ஐட்டம்தான் சாப்பிடும், சிலது வாழ்நாள் பூரா ஒரே ஐட்டம்தான். ஹாப்கின்ஸ் ரோஸ்னு ஒண்ணு இருக்கு, அடிக்கிற ரோஸ் கலர், அந்தக்கால ரோஸ் மில்க்கைப் பாலே ஊத்தாம வெறும் எசன்ஸா பாத்தா எப்படி இருக்கும், அந்தக் கலர். மூணு சென்டிமீட்டர் வந்தா பெரிய ஆளு. உடம்பு பூரா விரல் விரலா நீட்டிக்கிட்டு, பாக்க ஒரு குஞ்சம் மாதிரி இருக்கும். இது சாப்பிடுறது பிரையோசோவன்னு ஒண்ணை, அதாவது கண்ணுக்குத் தெரியாத குட்டிக்குட்டி ஜீவன்கள் ஆயிரக்கணக்குல ஒட்டி ஒட்டி வீடு கட்டி பாறை மேல மெல்லிசா படந்து கெடக்கும், யாரோ ரோஸ் பெயிண்ட்டைத் தொட்டு பாறையில தேச்சுட்டுப் போன மாதிரி. அந்த ரோஸைத் தின்னுதான் இது ரோஸ். அந்த நிறமிக்கே இந்த ஸ்லக்கோட பேரைத்தான் வச்சிருக்காங்க, ஹாப்கின்சியாசாந்தின்னு. முட்டை போட்டாலும் ரோஸ் ரிப்பன்தான். அப்போ நான் பாறை பாறையா ஸ்லக்கைத் தேடுனது, ரோஸ் பேப்பர்ல ரோஸ் பென்சில்ல போட்ட புள்ளியைத் தேடுன மாதிரி. அந்த பெயிண்ட் தேச்ச இடத்தை மொதல்ல கண்டுபுடிச்சு, அதுக்கு முன்னாடி உக்காந்து, கண்ணு பழகுற வரைக்கும் சும்மா இருந்தா, அந்த பெயிண்ட்ல ஒரு ஓரம் மெதுவா நகரும்.

இதே மாதிரி செங்கல் கலர்ல ஸ்பாஞ்ச்னு ஒரு கடல் ஜீவன் பாறையில அப்பியிருக்கும், அது மேல அதே செங்கல் கலர்ல ரோஸ்டாங்கான்னு ஒரு ஸ்லக், நகத்தளவுதான் இருக்கும். இதை நான் தேடிக் கண்டுபுடிச்சது ரெண்டே தடவைதான், மத்த நேரமெல்லாம் முட்டையைப் பாத்துத்தான் ஆளைப் புடிச்சிருக்கேன். முட்டையும் அதே சிவப்புதான், ஆனா சுருள் சுருளா இருக்குறதால காட்டிக் கொடுத்துரும். முட்டைன்னதும் சொல்லிடுறேன், சீ லெமன்னு மஞ்சள் ஸ்லக் ஒண்ணு போடுற முட்டையைப் பாத்தா ரிப்பன் பக்கோடாவை வட்டமா சுத்தி வச்ச மாதிரியே இருக்கும், ஹெர்மிசெண்டான்னு இன்னொரு ஸ்லக் போடுறது இடியாப்பம். பசியோட போனீங்கன்னா இதுவும் ஒரு பிரச்சனை.

இந்த ரோஸுக்கு அந்தப் பேர் வந்த கதையும் எனக்குப் புடிக்கும். இங்க இருந்து தெக்க, மான்டெரே பக்கத்துல பசிஃபிக் குரோவ்ல ஸ்டான்ஃபோர்டோட கடல் ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கு, 1892ல ஆரம்பிச்சது, ரயில்வே காசுல பெரிய ஆளான ஹாப்கின்ஸ் குடும்பத்து டிமோத்தி ஹாப்கின்ஸ் அதுக்கு காசு குடுத்தவரு. அங்க வேலை பாத்த ஃபிராங்க் மெக்ஃபார்லண்ட் 1905ல இந்த ஸ்லக்கை வகைப்படுத்துனப்போ அவர் பேரை வச்சுட்டாரு. காசு குடுத்ததுக்கு கைமாறா பளபளன்னு ஒரு ரோஸ் ஸ்லக், நம்ம ஊர்ல டியூப்லைட்ல பேர் எழுதுற மாதிரி. ஆனா எனக்கு மெக்ஃபார்லண்டை விட அவரு வீட்டம்மா ஆலிவ் மேலதான் மரியாதை. இந்த ஸ்லக்கை ஆல்கஹால்ல போட்டா கலர் பூரா போயி வெளுத்த கொழுக்கட்டை மாதிரி ஆயிரும், அன்னைக்கு கலர் போட்டோவும் இப்ப மாதிரி இல்ல, அந்தம்மா வாட்டர்கலர்ல வரைஞ்சு வச்சாங்க. மெக்ஃபார்லண்ட் போனதுக்கு அப்புறம் 1966லதான் அந்தப் படங்களோட அவரு வேலை மொத்தமா அச்சாச்சு. அந்தப் படங்களைப் பாத்தா நான் ஆயிரம் டாலர் கேமரா வச்சு எடுத்ததையெல்லாம் டிலீட் பண்ணிறலாமான்னு தோணும்.

கேமராக் கதைக்கு வரேன். மொதல்ல என்கிட்ட இருந்தது மிரர்லெஸ் கேமரா, கிட்டத்துல வச்சு எடுக்குற நல்ல மேக்ரோ லென்ஸ். குட்டைக்கு மேல நின்னு எடுத்தா ஸ்லக் தெரியாது, வானம்தான் தெரியும். லென்ஸ் முன்னாடி போலரைசர்னு ஒரு கண்ணாடியைப் போட்டா பாதி பளபளப்பு போகும், ஒரு கருப்புக் குடையை விரிச்சுப் புடிச்சா மீதியும் போகும், ஆனா ஒரு கையில குடை, ஒரு கையில கேமரா, காலுக்குக் கீழ பாசி, சர்க்கஸ்காரன் மாதிரி நிக்கணும். அதுலயும் காத்து ஒரு ஊது ஊதினா தண்ணி மேல சுருக்கம் விழுந்து படம் நெளிஞ்சிரும். சரி, தண்ணிக்குள்ளயே விட்டுருவோம்னு அதுக்கு ஹவுசிங்னு தண்ணி புகாத ஒரு கூடு வாங்குனேன், விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டுல இந்த பிளாக்கைப் படிக்கிறாங்க. மூணாவது தடவைலயே உள்ள தண்ணி போயிருச்சு. ஹவுசிங் மேல தப்பில்ல, என் மேலதான் தப்பு, மூடுற இடத்து ரப்பர் வளையத்துல ஒரே ஒரு முடி கெடந்திருக்கு, விடியக்காலை இருட்டுல கவனிக்கல. ஒரு முடிதான். கேமரா, லென்ஸ் ரெண்டும் காலி. வீட்டம்மா ஒண்ணும் திட்டல, "சரி விடுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க, அதுக்குத் திட்டியே இருந்திருக்கலாம்.

அதுக்கப்புறம்தான் இங்க பாறையில பாதிப் பேர் கையில இருக்குற ஒலிம்பஸ் டிஜி-6க்கு வந்தேன். சோப்பு டப்பா சைஸ் கேமரா. ஹவுசிங் எதுவும் வேண்டாம், அப்படியே தண்ணிக்குள்ள 15 மீட்டர் வரைக்கும் போகும், நமக்குத் தேவை 15 சென்டிமீட்டர்தான். மைக்ராஸ்கோப்னு ஒரு மோடு, லென்ஸ்ல இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்குறதைக் கூட ஃபோகஸ் பண்ணும். ஆனா அவ்வளவு கிட்டப் போனா கேமரா நிழலே ஸ்லக் மேல விழுந்துரும், அதனால லென்ஸைச் சுத்தி மாட்டுற லைட் கைடுன்னு ஒரு வளையம் இருக்கு, அதைப் போட்டுக்கணும். நான் கூடவே ஒரு சின்ன டைவிங் டார்ச்சும் வச்சிருக்கேன், அது முன்னாடி வெள்ளை பால் கேன்ல இருந்து வெட்டுன பிளாஸ்டிக் துண்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கேன், வெளிச்சம் மெத்துன்னு பரவும். ஃபிளாஷை நேரா அடிச்சா தண்ணியில மிதக்குற தூசி மண்ணு எல்லாம் வெள்ளை வெள்ளையா பனி பெய்யுற மாதிரி விழும்.

இன்னொண்ணு, கேமராவைத் தண்ணிக்குள்ள விட்டதும் லென்ஸ் கண்ணாடியில ஒரு காத்துக்குமிழ் ஒட்டிக்கும். பாக்கும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டதும் எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல ஒரு மங்கல் வட்டம், அன்னைக்கு எடுத்தது பூரா போச்சு. இப்போ தண்ணிக்குள்ள விட்டதும் கையாலேயே விரலை வச்சு ஒரு துடை, அப்புறம்தான் மத்தது. கார்ல ஹீட்டர் போட்டுட்டுப் போயி சூடான கேமராவை நேரா அந்தத் தண்ணிக்குள்ள விட்டா உள்ள ஆவி படிஞ்சிரும், அதனால பத்து நிமிஷம் முன்னாடியே வெளிய எடுத்து ஆற வச்சுரணும். ஏன்னா தண்ணி அப்படி. வசந்த காலத்துல 10, 12 டிகிரிதான் இருக்கும். வடமேற்குக் காத்து அடிச்சு மேல் தண்ணியைக் கரையில இருந்து தள்ளிட்டுப் போயிரும், அந்த இடத்துக்கு அடியில கெடந்த குளுந்த தண்ணி ஏறி வரும், வெறுங்கையோட வராது, அடியில சேந்த சத்தை எல்லாம் தூக்கிட்டு வரும். அதனாலதான் இந்தப் பாறையில ஒரு அங்குலம் கூட காலி இல்லாம ஸ்பாஞ்சும் பிரையோசோவனும் ஜெல்லி மீனுக்கு சொந்தக்காரனான ஹைட்ராய்டும் அப்பிக் கெடக்கு, அதைத் தின்னத்தான் இவ்வளவு கலர்ல ஸ்லக்கு. கலர்னா வெப்ப நாட்டுப் பவளப்பாறைதான்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். அந்தக் குளுருல கைய விட்டு அஞ்சு நிமிஷம் ஆனா, ஷட்டர் பட்டன் மேல விரல் இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

ஃபோகஸ் எங்க வைக்கணும்னு ஆரம்பத்துல குழம்புனேன். ஆள் படம்னா கண்ணுல வைப்போம், இதுக்குக் கண்ணுன்னு இருக்குறது வெளிச்சம் இருட்டு பாக்குற ஒரு புள்ளிதான், அதுவும் சட்டுன்னு கண்ணுல படாது. தலையில ரெண்டு கொம்பு இருக்கும், ரைனோஃபோர்னு சொல்வாங்க, அதுதான் இதுக்கு மூக்கு, தண்ணியில வாசனை புடிச்சுத்தான் சாப்பாட்டையும் ஜோடியையும் கண்டுபுடிக்கும். அந்தக் கொம்புல வரி வரியா மடிப்பு இருக்கும், அது ஷார்ப்பா விழுந்துட்டா படம் நிக்கும், மத்தது எப்படி மங்குனாலும் பரவாயில்ல. யோசிச்சுப் பாருங்க, இவ்வளவு கலரும் இது தனக்காகப் போட்டுக்கிட்டது இல்ல, பக்கத்துல இருக்குற இன்னொரு ஸ்லக்குக்கும் தெரியாது. சிலது சாப்பாட்டுக் கலர்லயே ஒளிஞ்சுக்கும், சிலது மீனுக்கு "என்னைத் தின்னா வாயி வெந்துரும்"னு போர்டு மாட்டிட்டுத் திரியும்.

போர்டு மாட்டுன ஆளுதான் ஹெர்மிசெண்டா. வெளிர் நீலக் கோடு, தலைக்கு நடுவுல ஆரஞ்சுக் கோடு, முதுகு பூரா ஆரஞ்சு முனையோட முடி முடியா நீட்டிக்கிட்டு, வெளிச்சம் பட்டா மினுமினுன்னு இருக்கும். முன்னாடி சொன்ன ஹைட்ராய்டு இருக்கே, கொட்டுற ஜாதி, அதைத் தின்னுட்டு அதுல இருக்குற கொட்டுற செல்லை வெடிக்க விடாம பத்திரமா கடத்திக் கொண்டுபோயி தன்னோட முதுகு முடி முனையில அடுக்கி வச்சுக்கும். அடுத்தவன் துப்பாக்கியைத் திருடி இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியுற ரவுடி. குணமும் ரவுடி குணம்தான். போன வருஷம் ஒரு குட்டையில ரெண்டு ஹெர்மிசெண்டா எதிரெதிரா வந்துச்சு, ஆஹா ஜோடி சேருது, நல்ல படம்னு நான் மூச்சைப் புடிச்சுட்டு இருக்கேன், தலையும் தலையும் முட்டுனதும் ஒண்ணு இன்னொண்ணோட முடிக் கத்தையைக் கடிச்சு இழுத்துச்சு பாருங்க. கடிபட்டது சுருண்டு விழுந்து ஓடுச்சு, ஓடுச்சுன்னா ஸ்லக் வேகத்துல, நிமிஷத்துக்கு நாலு விரக்கடை.

இதுலயும் 2016ல ஒரு குழப்பம் வந்துச்சு, அதுவரைக்கும் ஒரே இனம்னு சொல்லிட்டு இருந்ததை ஜீன் பாத்து மூணாப் பிரிச்சுட்டாங்க, ஒண்ணு ஆசியாப் பக்கம், மத்த ரெண்டும் இந்தக் கரை. முதுகு முடியில நீளவாக்குல வெள்ளைக்கோடு இருந்தா வடக்கத்தி ஆளு, இல்லேன்னா தெக்கத்தி. எங்க பில்லர் பாயிண்ட்ல இருக்குறது தெக்கத்தி. நான் எடுத்ததையெல்லாம் ஐநேச்சுரலிஸ்ட்னு ஒரு வெப்சைட்ல ஏத்துறேன், பாத்த ஜீவனைப் படத்தோட போட்டா மத்தவங்க என்ன இனம்னு சொல்லுவாங்க, பெர்க்லில 2008ல மாணவங்க ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, இப்போ உலகம் பூரா போடுறாங்க. நான் சீ லெமன்னு ஒரு மஞ்சள் ஸ்லக்கைப் போட்டு பெருமையா உக்காந்திருந்தேன், அரை மணி நேரத்துல முகம் தெரியாத ஒருத்தர் வந்து, இது மான்டெரே டோரிட், கருப்புப் புள்ளி முதுகுல இருக்குற கொப்புளம் மேலயும் ஏறியிருக்கு பாருங்க, சீ லெமனுக்கு கொப்புளத்துக்கு நடுவுலதான் இருக்கும்னு போட்டுட்டுப் போயிட்டாரு. பெருசு பண்ணிப் பாத்தா ஆமா, கொப்புளத்து மேல மொளகு தூவுன மாதிரி இருக்கு. சீ லெமனை கையில எடுத்தா நிஜமாவே எலுமிச்சை வாசம் அடிக்கும்ங்குறாங்க, அதுல சந்தேகமே வராது. நான் மோந்து பாத்தது இல்ல, எடுக்கக் கூடாது.

எடுக்கக் கூடாதுன்னு இப்போ சொல்றேன், ஆரம்பத்துல நான் பண்ணதையும் சொல்லிரணும். மொதல் ஹாப்கின்ஸ் ரோஸ் கெடைச்ச அன்னைக்கு, பாறை இடுக்குல சரியா தெரியலன்னு, வீட்டுல இருந்து கொண்டு போயிருந்த எவர்சில்வர் கிண்ணத்துல கடல் தண்ணியை ஊத்தி அதுக்குள்ள எடுத்து விட்டேன். விட்டதும் விரலையெல்லாம் உள்ள இழுத்து ஒரு ரோஸ் உருண்டையா சுருண்டு போச்சு. பத்து நிமிஷம் காத்திருந்து ஒரு படம் எடுத்தேன், எவர்சில்வர் நடுவுல ஒரு மென்னு துப்புன பபிள்கம். பாறையில உக்காந்திருந்த அதே அம்மா பாத்துட்டாங்க. சத்தம் போடல. எங்க இருந்து எடுத்தியோ அதே இடத்துல, அதே ரோஸ் மேல வைய்யி, ஒரு அடி தள்ளி வச்சா கூட அதுக்கு அங்க சாப்பாடு இல்லன்னு சொன்னாங்க. அந்த இடத்தைத் திருப்பிக் கண்டுபுடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்குறீங்க, தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு, முட்டிக்கு வந்துருச்சு, கையில கிண்ணம், கிண்ணத்துல உருண்டை. வச்சுட்டுத்தான் வந்தேன். அந்தக் கிண்ணம் இப்போ மோர் ஊத்திக்க ஆகுது.

அந்தம்மா 80கள்ல இருந்து இந்தப் பாறைக்கு வர்றாங்க. அப்பல்லாம் இங்க ஹாப்கின்ஸ் ரோஸ் பாக்குறதே அபூர்வமாம். 2014, 15ல கடல் தண்ணி வழக்கத்துக்கு மேல சூடாச்சு இல்ல, அப்போ தெக்க இருந்த ரோஸெல்லாம் குஞ்சா மிதந்து வடக்க வந்து ஒட்டிக்கிச்சு, சதுர மீட்டருக்கு டஜன் கணக்குல இருந்துச்சு, போட்டோக்காரங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அந்தம்மா மட்டும் அதைக் கொண்டாட்டமா சொல்லல. அழகா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சுன்னாங்க. இதுக்கு முன்னாடியே ஃபிடியானா ஹில்டோனின்னு ஒண்ணு 1977க்கு அப்புறம் மான்டெரேயைத் தாண்டி வடக்க ஏறிட்டு இருக்கு, 1992ல டக்ஸ்பரி ரீஃப் வரைக்கும் வந்துருச்சு, அது மத்த ஸ்லக்குங்களையும் புடிச்சுத் தின்னும். அது வந்த எடத்துல மத்தவன் எண்ணிக்கை கொறஞ்சதை ஆராய்ச்சிக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. பாக்க ரொம்ப அழகு, ஆரஞ்சும் தங்கமுமா. நான் எடுத்ததுல லைக் அதிகமா வாங்குன படம் அதுதான்.

அலை பத்தி ஒரு வார்த்தை. கடலுக்கு முதுகைக் காட்டி உக்காராதீங்கன்னு இங்க போர்டே வச்சிருப்பாங்க, ஆனா குட்டைக்குள்ள தலையை விட்டுட்டா அது ஞாபகம் வராது. ஒருதடவை பெரிய அலை ஒண்ணு சத்தமே இல்லாம வந்து கழுத்து வரைக்கும் நனைச்சுட்டுப் போச்சு, பாறையைப் புடிச்சதால கையில மஸ்ஸல் ஓடு கிழிச்சதோட போச்சு. இப்போ போன்ல டைட் திரும்புற நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னாடியே அலாரம் வச்சுடுறேன், தனியாவும் போறதில்ல. கூட யாருமே வரலேன்னா காலண்டர்ல அடுத்த வட்டத்தைப் பாத்துக்க வேண்டியதுதான்.

கடைசியா போனது இந்த மாசம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குட்டை, முழங்கை ஆழம் கூட இல்ல. அதுல ஒரு ஹெர்மிசெண்டா தலைகீழா நடந்துட்டு இருந்துச்சு, அதாவது தண்ணியோட மேல்தோல் இருக்குல்ல, அதுக்கு அடிப்பக்கமா, பல்லி கூரையில போற மாதிரி, சளியை விரிச்சு அதுல ஒட்டிக்கிட்டு. இதை மேல இருந்து எடுத்தா வெறும் பாதம்தான் தெரியும். அதனால கேமராவை குட்டையோட அடியில மல்லாக்க வச்சு, ஸ்கிரீனைப் பாக்க முடியாம குத்துமதிப்பா கையை மட்டும் உள்ள விட்டு அமுக்கிக்கிட்டே இருந்தேன். அறுபது படம் எடுத்திருப்பேன். அம்பத்தெட்டு இருட்டு, மண்ணு, என் கட்டை விரல். ஒண்ணுல ஸ்லக் பாதி. ஒண்ணே ஒண்ணு மட்டும் விழுந்துச்சு, நடுவுல ஹெர்மிசெண்டா, ரெண்டு கொம்பும் ஷார்ப்பு, முடியெல்லாம் கீழ்ப்பக்கமா தொங்குது, முனை ஒவ்வொண்ணும் நெருப்பு மாதிரி, பின்னாடி விடியுற வானம் ஊதா கலர்ல, ஓரத்துல குல்லாயோட ஹெட்லைட் போட்டுக்கிட்டு வாயைப் பொளந்து குனிஞ்சு பாக்குற என் மூஞ்சி. மூணு வருஷத்துல நான் எடுத்ததுல நல்ல படம்னா அது இதுதான்.

கார்ல உக்காந்து ஹீட்டரைப் போட்டுட்டு, கை நடுங்க நடுங்க வாட்ஸாப்புல அம்மாவுக்குத்தான் மொதல்ல அனுப்புனேன். ஊர்ல சாயங்கால நேரம், ரெண்டு நிமிஷத்துல நீலடிக் விழுந்துச்சு. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.

"ஏல, இம்புட்டு மெலிஞ்சு போயிட்ட. நேரத்துக்குச் சாப்பிடுதியா இல்லியா."